பழைய கட்டடத்தில் புதுக் கடை: எதை வாங்கலாம், எதை வாங்கவே கூடாது?

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு பழைய கட்டடங்களைப் பற்றியவை. ஒன்றுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, மற்றவை அதைவிடச் சின்னவை.

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் பாட்டையா கட்டிய வீடு பல வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. முன்கட்டில் கைத்தறிச் சேலைக் கடை, மாடியில் ஆறு அறைகள் தங்கும் வாடகைக்கு என்று தொடங்கப் போகிறோம். ஒரு நிறுவனத்தார் வந்து பார்த்துவிட்டு, எல்லா அறைக்கும் ஸ்பிரிங்ளர் (தீயின் சூட்டில் தானே திறந்து தண்ணீர் தெளிப்பது), மொட்டை மாடியில் பத்தாயிரம் லிட்டர் தொட்டி, முற்றத்துக்கு மேலே ஒளி புகும் ஷீட் போட்டு ஏ.சி. சாப்பாட்டுக் கூடம் என்று மொத்தமாகக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். முன்பணம் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். அந்தக் கொட்டேஷனில் இரண்டு விஷயங்கள் உங்கள் வீட்டைப் பார்க்காமலேயே எழுதியவை.

முதலில் தொட்டி. பத்தாயிரம் லிட்டர் தண்ணீர் என்றால் பத்து டன், தொட்டியின் எடை தனி. உங்கள் மொட்டை மாடி பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸாகத்தான் இருக்கும். நெருக்கமாக அடுக்கிய தேக்குச் சரங்கள் (சின்ன உத்திரங்கள்), அவற்றின் மேல் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்தி வைத்த சின்னச் செங்கற்கள், அதற்கும் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த தளம், கடைசியில் ஓடு. வடகம் காயப்போடவும் நாலு பேர் நின்று பேசவும் கட்டிய தளம் அது. பத்து டன்னை ஒரு மூலையில் உட்கார வைக்க அல்ல. போதாக்குறைக்குத் தொட்டி ஒழுக ஆரம்பித்தால் சரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடம்தான் முதலில் உளுத்துப்போகும், கீழேயிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. தண்ணீர் வேண்டும் என்றால் பின்பக்கத் தோட்டத்தில் தரைக்கடியில் சம்ப், அதோடு இரண்டு பம்ப், அதில் ஒன்று டீசலில் ஓடுவது. தீக்குத் தண்ணீர் தேவைப்படும் நேரத்தில் பல முறை கரண்ட் இருக்காது.

அடுத்து அந்த ஷீட். இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். திறந்த முற்றம் உங்கள் வீட்டுக்குப் பாட்டையா விலையில்லாமல் வைத்துவிட்டுப் போன புகைபோக்கி. தீ விபத்தில் பெரும்பாலும் ஆளைக் கொல்வது நெருப்பைவிடப் புகைதான். முற்றம் திறந்திருந்தால் நாலு பக்கத்து அறைகளின் புகையும் மேலே போய்விடும், ஆட்கள் தாழ்வாரத்தில் நடந்து வெளியேறலாம். பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினால் அதே தாழ்வாரம் புகை அடைத்த பெட்டி. அதோடு அந்த ஷீட் உருகிச் சொட்டும். மழைக்குப் பயந்தால் நகரும் படுதா போடுங்கள். இல்லையென்றால் நாலு பக்கமும் இரண்டடி இடைவெளி விட்டு உயரத் தூக்கிய கூரை போடுங்கள். ஏ.சி. வேண்டுமானால் அதைப் பக்கத்து அறையில் வையுங்கள்.

சரி, பணத்தை எங்கே போடுவது? முதலில் வயரிங். பழைய வீடுகளில் மரப்பட்டியில் ஆணி அடித்து ஓட்டிய ரப்பர் உறை வயர்கள் இன்னும் இருக்கின்றன. தொட்டால் உறை பொடிப்பொடியாக உதிரும். அதே வயரில் ஆறு ஏ.சி.யை மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முழுதாகக் கழற்றிவிட்டுப் புது வயர் இழுங்கள். வாங்கும்போது தீ பரவாத, குறைவாகப் புகைவிடும் வகையைக் கேளுங்கள், கடைக்காரருக்கு எஃப்.ஆர்.எல்.எஸ். என்றால் புரியும். மாடிக்குத் தனி, கடைக்குத் தனி, சமையலுக்குத் தனி என்று எம்.சி.பி. (சுமை மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிப்பது) போடச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: வயர்மேன் சுவரை வெட்டிக் குழாய் புதைக்கப் பார்ப்பார். முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் போட்டுத் தேய்த்த செட்டிநாட்டுப் பூச்சை வெட்டினால் பழைய மாதிரி ஒட்டவைக்க இன்றைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். சுவர் மேலேயே, உத்திரத்தை ஒட்டி, இரும்புக் குழாயில் ஓட்டச் சொல்லுங்கள். அசிங்கமாகத் தெரியும் என்பார்கள். சுவரின் நிறத்திலேயே பூசிவிட்டால் ஒரு வாரத்தில் கண் பழகிவிடும்.

அப்புறம் ஒவ்வொரு அறையிலும் ஸ்மோக் டிடெக்டர், ஒன்று அலறினால் எல்லாம் அலறும் வகையில் இணைத்தது. வயர் இல்லாமல் இணைவதும் கிடைக்கிறது, பழைய வீட்டுக்கு அதுதான் வசதி. ராத்திரி தூங்குகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய காவல் இல்லை. ஸ்பிரிங்ளர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. சேலைக் கடைக்கும் சரக்கறைக்கும் போடலாம். வீடு முழுக்க வேண்டுமா என்பதை விற்கிறவர் சொல்லக் கூடாது, சம்பளம் வாங்கும் பொறியாளர் சொல்ல வேண்டும். தீயணைப்புத் துறையின் சான்றையும் நாங்களே வாங்கித் தருகிறோம் என்று பேக்கேஜ் பேசினால், வரைபடத்தோடு நீங்களே ஒருமுறை நிலையத்துக்குப் போய் அதிகாரியிடம் பேசுங்கள்.

மாடிப்படி கடைசி, ஆனால் பெரிய செலவு அதுதான். இந்த வீடுகளில் மூலையில் சுவருக்குள் ஒடுங்கி ஏறும் படி ஒன்றுதான் இருக்கும், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்ப வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு தங்கும் விடுதிக்குக் கேட்பது ஒன்றரை மீட்டர் அகலம். இருக்கும் படியை இடிக்காதீர்கள். பின்கட்டில் வெளியே, தன் காலிலேயே நிற்கும் இரும்புப் படி ஒன்று கட்டுங்கள். பழைய சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிடக் கூடாது. ஜன்னல்களில் எல்லாம் இரும்புக் கம்பி இருப்பதால் மாடியிலிருந்து வேறு வழியே கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு பழைய பங்களா விடுதியில் நான் ஒரு இரவு தங்கினேன். அவசர வழி என்று பச்சை விளக்கு எரிந்த கதவில் நவ்தால் பூட்டு. சாவி காவல்காரரிடம், காவல்காரர் டீக்கடையில். அந்தப் பச்சை விளக்கு மட்டும் அருமையாக எரிந்தது.

கேள்வி: சென்னை பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தில் முதல் மாடியைத் துணி மொத்த வியாபாரத்துக்குக் குத்தகைக்கு எடுக்கிறேன். "கல்லும் சுண்ணாம்பும் சார், இது எரியாது" என்கிறார் உரிமையாளர். கையெழுத்துப் போடும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: கட்டடம் எரிய வேண்டியதில்லை, சரக்கு எரிந்தால் போதும். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தைவிடக் கெட்டியான கல் எது? 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு அங்கிருந்த கடைகளில் பற்றிய தீயில் கல் தூண்கள் வெடித்துக் கூரை இறங்கியது. உங்கள் ஊரிலேயே மூர் மார்க்கெட் 1985இல் போனது. மவுண்ட் ரோட்டில் பழைய ஸ்பென்சர் கட்டடம் 1983இல் போனது.

அதனால் உங்கள் தளத்தைப் பார்க்கும் முன் கீழ்த்தளத்தைப் பாருங்கள். அங்கே பெயிண்டா, பிளாஸ்டிக்கா, காலி அட்டைப் பெட்டிகளா? மாடிப்படிக்கு அடியில் என்ன குவிந்திருக்கிறது? மீட்டர் போர்டு அந்தப் படிக்கு அடியிலேயே இருந்தால் (பாதிக் கட்டடங்களில் அங்கேதான் இருக்கும்) அதை மாற்றாமல் கையெழுத்து வேண்டாம். தீ தொடங்குகிற இடமும் நீங்கள் இறங்கி வர வேண்டிய இடமும் ஒன்றாகிவிடும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, மூட்டை இறக்கும் நேரத்தில் போய் நில்லுங்கள். காலை எட்டு மணிக்குக் காலியாகத் தெரியும் படி அப்போது எப்படி இருக்கிறது என்று தெரியும்.

இரண்டாவது வழி கேளுங்கள். பக்கத்துக் கட்டடத்தின் மொட்டை மாடிக்குத் தாவலாம் என்பது வழியல்ல.

எழுத்தில் வாங்க வேண்டியது: தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்ய வேண்டும். வயரிங்கை மாற்றுவது யார் செலவு என்று அதிலேயே ஒரு வரி சேருங்கள். பிற்பாடு உங்கள் தலையில்தான் விழும். கட்டடம் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) கேளுங்கள். இருந்தால் முகப்பில் போர்டு மாட்டவும் கதவை மாற்றவும்கூட அனுமதி தேவைப்படலாம். காப்பீட்டு விண்ணப்பத்தில் மரத் தளம் என்றால் மரத் தளம் என்றே எழுதுங்கள். கான்கிரீட் என்று ஏஜென்ட் நிரப்பிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டவர்கள், பிரீமியத்தில் மிச்சம் பிடித்ததைப்போலப் பல மடங்கு கிளெய்மில் இழப்பார்கள்.

கேள்வி: நான் சக்கர நாற்காலியில் இருப்பவள். எங்கள் ஊரில் பெயர்பெற்ற பழைய ஜவுளிக் கடைக்கு வாசலில் ஐந்து படி. "பழைய கட்டடம்மா, ஒன்றும் செய்ய முடியாது, நம் பையன்கள் தூக்கிவிடுவார்கள்" என்கிறார் முதலாளி. அவர் சொல்வது சரியா?

பதில்: சரியில்லை. தூக்கிவிடுவது வசதி அல்ல, உங்களைச் சரக்கு மூட்டையாக்குவது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பொதுக் கட்டடம் என்றால் பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கடையும் சேர்த்திதான். ஏற்கெனவே இருக்கும் கட்டடங்களை மாற்ற, விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருஷம் கொடுத்தார்கள். விதிகள் 2017 ஜூனில் வந்தன, கெடு எப்போதோ முடிந்துவிட்டது. மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரை, அதற்குப் பிறகு ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரை அபராதம். முதலில் முதலாளிக்குக் கடிதமாகக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அசையவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் அதே கடிதத்தோடு போகலாம்.

ஆனால் அவரிடம் எதைக் கேட்பது என்பதும் முக்கியம். ஆறு அங்குலப் படி ஐந்து என்றால் முப்பது அங்குலம். சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு, அதாவது ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம். முப்பது அடி வேண்டும், தெருவின் எதிர்ப்பக்கத்துக்கே போய்விடும். அதனால் பயந்துபோய் அவர் ஆறடி மடக்கு ராம்ப் ஒன்றை வாங்கிப் போடுவார். அது சாய்தளம் அல்ல, சறுக்குமரம். நாற்காலி பின்னோக்கிக் கவிழும். வாங்க விடாதீர்கள். மடக்கு ராம்ப் ஒரு படிக்கு, மிஞ்சினால் இரண்டு படிக்கு.

இந்த உயரத்துக்குச் சரியானது, நாற்காலியோடு நின்றபடி ஏறும் சின்ன மேடை லிஃப்ட். திண்ணையின் ஓரத்தில் தனியாக நிற்கும், பழைய கல்லைத் தொட வேண்டாம், நாளைக்குக் கழற்றினால் தடமும் இருக்காது. பக்கவாட்டுச் சந்தில் தரை உயரமாக இருந்தால் அந்த வாசலே போதும். மூட்டை இறக்கும் வழியாக இல்லாமல், விளக்கும் பெயர்ப்பலகையும் போட்டு எல்லோரும் வரும் வாசலாக அதை மாற்றச் சொல்லுங்கள். இன்னொன்று, பழைய இரட்டைக் கதவில் பாதிக் கதவைத்தான் திறந்து வைப்பார்கள், ஒன்றரை அடிதான் கிடைக்கும். இரண்டையும் திறந்தால் நாற்காலி நுழைந்துவிடும். அதற்குக் காலணாச் செலவில்லை.

மாடிக்கு உங்களை லிஃப்டில் அழைத்துப்போனால், தீ பிடித்தால் எப்படி இறக்குவீர்கள் என்று கேளுங்கள். அப்போது லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. இறக்கும் நாற்காலி ஒன்று வாங்கி, படியருகே மாட்டி, இரண்டு பையன்களுக்குப் பழக்கியிருக்க வேண்டும். பதில் இல்லை என்றால், மாடிச் சரக்கைக் கீழே கொண்டுவந்து காட்டட்டும்.

கேள்வி: பழம்பொருள் கடை வைத்திருக்கிறேன். தேக்குத் தூண்களுக்கு "ஃபயர் ப்ரூஃப்" வார்னிஷ் அடிக்கலாமா? எந்தத் தீயணைப்பு சிலிண்டர் வாங்கலாம்?

பதில்: தூண்களை விடுங்கள். தேக்குக் கட்டை எரியும்போது மேலே கரி படிந்து அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வையாகும். நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவில்தான் தீ உள்ளே போகும். அரை மணி நேரத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர்; ஒன்பது அங்குலத் தூண் தாங்கும். கவலைப்பட வேண்டியது, யாரோ பிற்காலத்தில் முட்டுக்கொடுத்த இரும்பு கர்டர் இருந்தால் அதற்குத்தான். 550 டிகிரி சூட்டில் இரும்பின் வலு பாதியாகிவிடும். சூட்டில் உப்பும் பெயிண்டை அதற்கு அடியுங்கள். மெல்லிய பலகைத் தடுப்பு, பரண் பலகை இவற்றுக்கு அதே வகையில் நிறமில்லாத பூச்சு கிடைக்கும். சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். "எரியவே எரியாது" என்கிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

சிலிண்டரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பாருங்கள். பவுடர் சிலிண்டர் மலிவு, பல வகைத் தீக்கு ஆகும், ஆனால் அடித்த பிறகு அந்தத் தூள் பித்தளையையும் பழைய கடிகார இயந்திரங்களையும் அரிக்கும். அதனால் வாசலருகே ஒரு பவுடர், மின்பலகைக்குப் பக்கத்தில் கார்பன் டை ஆக்சைடு, சரக்கு அடுக்கிய கூடத்துக்குச் சுவடு விடாத வாயு வகை. கடையில் எங்கே நின்றாலும் பதினைந்து மீட்டருக்குள் ஒன்று கைக்கு எட்ட வேண்டும். வாங்கிய அன்றே ஒரு பழைய சிலிண்டரை வெளியே எடுத்துப்போய்ப் பையன்களை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னை இழுக்கத் தெரியாமல் முழு சிலிண்டரையும் தீக்குள் தூக்கி எறிந்த ஆளை நான் பார்த்திருக்கிறேன்.