சிவில் படிக்கும் மகள் வீடியோ போடுகிறாள், விடுங்கள்

ஈரோட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. அரியர் இல்லை. ஆனால் போனைக் கையில் எடுத்தால் மொட்டை மாடி ஏன் ஒழுகுகிறது, கான்கிரீட் போட்டபின் ஏன் ஏழு நாளாவது தண்ணீர் விட வேண்டும் என்று தமிழில் வீடியோ போடுகிறாளாம். சித்தப்பாவோ, 40 லட்சம் கடன் வாங்கி அமெரிக்காவில் கம்ப்யூட்டர் எம்.எஸ். படிக்க வைக்கச் சொல்கிறார்.

அம்மா, உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் அந்தக் கடன் வேண்டாம். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பெரும்பாலும் சொத்து ஜாமீன் கேட்கும். உங்களுக்கு இருப்பது ஒரே வீடு. பிள்ளைக்கே விருப்பமில்லாத படிப்புக்கு அதன் பத்திரத்தை வைக்காதீர்கள். தவணை கட்டப்போவது சித்தப்பா இல்லை.

ஐ.டி., அரசுத் தேர்வு பற்றியெல்லாம் ஊரே சொல்லும். மகள் செய்துகொண்டிருப்பதைப் பற்றித்தான் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஓர் உதாரணம் பாருங்கள். மழைக்காலத்தில் 'செம்பரம்பாக்கத்தில் 500 கனஅடி திறப்பு' என்று செய்தி வந்தாலே அடையாற்றங்கரையில் வாட்ஸ்அப் அலறும். அதாவது நொடிக்குச் சுமார் 14,000 லிட்டர். கேட்கப் பயம்தான். ஆனால் 3,645 மில்லியன் கனஅடி கொள்ளும் அந்த ஏரி, அந்த வேகத்தில் காலியாக 84 நாளாகும். 2015 டிசம்பரில் திறந்த 29,000 கனஅடி வேகத்தில் ஒன்றரை நாள் போதும். வித்தியாசம் இப்போது புரிகிறதல்லவா? இதோடு வழியில் ஆற்றில் சேரும் மழைநீரையும் கணக்கில் சேர்த்து ஒரு நிமிடத்தில் சொல்ல, படித்த இன்ஜினியர் வேண்டும்.

டெக்சாஸ்காரர் கிரேடி ஹில்ஹவுஸ் சிவில் இன்ஜினியர். அணை, சாக்கடை எல்லாவற்றையும் சின்ன மாதிரிகள் செய்து யூடியூபில் விளக்குகிறார். வேலையில் இருந்தபடியே தொடங்கியவர், பிறகுதான் அதை முழுநேரமாக்கினார். இங்கேயும் இந்தத் திறமைக்கு வேலை உண்டு. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி, மக்கள் கருத்துக்கேட்பு நடக்கும் திட்டங்களுக்கு சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய சுருக்க அறிக்கையை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும். அதை ஊர்க்காரருக்குப் புரியும்படி எழுதவும் பேசவும் தெரிந்த இன்ஜினியர்கள் குறைவு.

சரி, மகளுக்கும் சில கறாரான நிபந்தனைகள். டிகிரி முடித்து இரண்டு வருஷமாவது சைட்டில் நிற்க வேண்டும். கம்பெனி டிராயிங்கை அனுமதியில்லாமல் காட்டக்கூடாது. கட்டடம் இடிந்த அன்றைக்கே காரணம் சொல்லக்கூடாது. சிமென்ட் கம்பெனி காசு கொடுத்தால், விளம்பரம் என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். 1,000 சந்தாதாரர், ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வை என்பது யூடியூப் விளம்பரப் பணத்துக்கு வாசல்படி மட்டுமே. அதை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட வேண்டாம். தவணையில் கேமராவும் வேண்டாம். இருக்கிற போனும் ஒரு காலர் மைக்கும் போதும்.

இந்த விடுமுறையில் பவானிக்கு அனுப்புங்கள். காளிங்கராயன் வாய்க்கால் ஏன் நேராக ஓடாமல் வளைந்து வளைந்து போகிறது என்று மூன்று நிமிடத்தில் விளக்கட்டும். முதலில் நீங்கள் பாருங்கள். எங்கே புரியவில்லையோ, அந்த இடத்தை அவளிடம் சொல்லுங்கள்.