தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் மூங்கில், மேட்டில் சேம்பு: எது தவறியது?

கேள்வி: என் நிலம் ஒன்றரை ஏக்கர். கீழ்ப்பக்கம் கால்வாய்க் கசிவால் ஆண்டு முழுவதும் ஈரமாக இருக்கும். மழை பெய்தால் கணுக்கால் அளவுத் தண்ணீர் நான்கைந்து நாட்கள் நிற்கும். மேல்பக்கம் மணல் கலந்த செம்மண் மேடு. மூங்கில் ஈரம் விரும்பும் பயிர் என்று கேள்விப்பட்டு, சென்ற ஆண்டு பள்ளத்தில் 20 மூங்கில் நாற்றுகள் நட்டேன். புதராக வளரும் வகைதான். அவற்றில் 12 மஞ்சளடித்து நிற்கின்றன. மேட்டில் போட்ட சேப்பங்கிழங்கு இலை விட்டதே தவிர, கிழங்கு நெல்லிக்காய் அளவைத் தாண்டவில்லை. இரண்டுக்கும் உரத்தைக் கூட்டலாமா? மூங்கில் நிலம் முழுவதும் பரவிவிடும் என்று பக்கத்து நிலத்துக்காரர் சொல்கிறார். அது உண்மையா?

பதில்: உரமூட்டையை இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். உங்கள் நிலத்தில் குறை உரத்தில் இல்லை. பள்ளத்துக்குப் போக வேண்டியது மேட்டிலும், மேட்டுக்குப் போக வேண்டியது பள்ளத்திலும் நிற்கின்றன.

‘ஈரம் விரும்பும் பயிர்’ என்ற ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்துவிடுவதால் வரும் வினை இது. இரண்டும் தண்ணீரை நிறையக் குடிப்பவைதான். ஆனால் சேம்பின் வேர் தண்ணீருக்குள் இருந்தபடியே மூச்சு விடும், மூங்கில் வேரால் அது முடியாது. இதை நீங்களே பார்த்துவிடலாம். சேம்பின் முற்றிய இலைக்காம்பு ஒன்றைக் குறுக்கே நறுக்கி வெளிச்சத்தில் பிடியுங்கள். உள்ளே தேனடை போலச் சின்னச் சின்னக் காற்றறைகள் தெரியும். இலை வாங்கும் காற்று அந்த வழியாகத்தான் சேற்றுக்குள் இருக்கும் வேருக்கு இறங்குகிறது. (நறுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அதன் சாற்றில் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தோலில் ஏறினால் அரிப்பு எளிதில் விடாது.)

இனி மஞ்சளடித்த மூங்கில் ஒன்றின் அடியைத் தோண்டுங்கள். மண்ணுக்குள் இருக்கும் அடித்தண்டில் பக்கவாட்டில் மொட்டுகள் இருக்கும். அடுத்த கழி அதிலிருந்துதான் வர வேண்டும். நகத்தால் கீறிப் பாருங்கள். தந்த நிறத்தில் கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாகக் குழைந்து புளித்த வாடை அடித்தால் அது அழுகிவிட்டது. மண்ணின் துளைகளைத் தண்ணீர் நிரப்பிவிட்டதால் காற்றில்லாமல் வேர் திணறியிருக்கிறது, இலை மஞ்சளாவது அதன் அடையாளம். மஞ்சளைப் பார்த்தவுடன் யூரியாவை அள்ளிப் போடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அழுகும் வேருக்கு அது உதவாது.

ஓர் இடம் மூங்கிலுக்கு ஏற்றதா என்று அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். மாலையில் இரண்டடி ஆழத்துக்குக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். காலையில் வற்றியிருந்தால் நடலாம். மறுநாளும் தேங்கி நின்றால் அது சேம்புக்கான இடம்.

அதற்காகச் சேம்பைக் குட்டையில் தள்ளிவிடவும் கூடாது. அதற்குப் பிடித்தது மெல்ல நகரும் குளிர்ந்த தண்ணீர். வெயிலில் சூடேறித் தேங்கிக் கிடக்கும் நீரில் சேப்பங்கிழங்கும் அழுகும். கால்வாய்க் கசிவு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி ஒரு சிறு வடிகால் வெட்டிவிட்டால், உங்கள் பள்ளம் சேம்புக்கு அருமையான இடமாகிவிடும். அந்தப் பள்ளத்தை வைத்துக்கொண்டு மேட்டில் சேம்பு போட்டது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அறுவடையில் உடுக்கை போல நடுவில் ஒடுங்கிய கிழங்குகள் இருந்தனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்திருந்தால், இடையில் காய்ந்து மீண்டும் நனைந்ததற்கு அதுவே சாட்சி. காய்ச்சலில் கிழங்கு பருப்பது நின்று, தண்ணீர் கிடைத்ததும் மறுபடி பருக்கத் தொடங்கும். நின்ற இடம் இடுப்பாகச் சிறுத்துவிடும். மணல் மேட்டில் இது அடிக்கடி நடக்கும். சேம்பின் அகன்ற இலை வெளியேற்றும் நீரை ஈடுகட்ட, மண்ணின் மேல்தட்டில் பரவும் அதன் வேருக்கு ஈரம் அறாமல் இருக்க வேண்டும். தண்ணீரை நிறுத்த வேண்டிய காலம் ஒன்றே ஒன்றுதான்: இலைகள் மஞ்சளாகிச் சிறுத்து, காம்பு குட்டையாகத் தொடங்கும்போது. அறுவடைக்கு மூன்று நான்கு வாரங்களுக்கு முன் நீரை வடித்துவிடுங்கள்.

நடவு: பக்கக்கிழங்குகளில் 25 முதல் 35 கிராம் வரை எடையுள்ளவற்றை விதைக்கு எடுங்கள். வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 45 செ.மீ. என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 15,000 செடிகள் வரும். ஏறக்குறைய 450 கிலோ விதைக்கிழங்கு தேவை. அடியுரமாக ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரம் போதும். கிழங்குப் பயிர் என்பதால் மேலுரத்தில் சாம்பல் சத்தைக் குறைத்துவிடாதீர்கள். ஒன்றரை மாதத்திலும் இரண்டரை மாதத்திலும் களையெடுத்து மண் அணைக்க வேண்டும். ஆறேழு மாதத்தில் பக்கக்கிழங்கு வகைகள் தயாராகிவிடும்.

மூங்கிலின் கணக்கு வேறு. சேம்பில் தவறு செய்தால் ஒரு பருவம் போகும். மூங்கிலில் நாற்று வைத்து முதல் கழி வெட்ட நான்கைந்து ஆண்டுகள் ஆகும், பிறகு பல பத்தாண்டுகள் அதே குழியில் நிற்கும். ஆகவே இடம் பார்ப்பதில் அவசரம் கூடாது. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் என்றால் ஏக்கருக்கு 160 குழிகள். முதல் இரண்டு ஆண்டுகள் கோடையில் தவறாமல் நீர் கொடுத்து மூடாக்குப் போடுங்கள். வேரூன்றிய புதர் அதன்பின் வறட்சியைத் தாங்கும், இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருக்கும். உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் தூரிலேயே விடுங்கள். உங்கள் செம்மண் மேடு இதற்குச் சரியான இடம். மணல் அதிகமென்றால் குழியில் தொழுவுரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பக்கத்து நிலத்துக்காரரின் பயம் ஓடும் வகை மூங்கிலுக்குப் பொருந்தும். அதன் அடித்தண்டு நீண்டு ஓடி எங்கெங்கோ முளைக்கும். புதர் வகைக்கு அடித்தண்டு குட்டை. முளை தாய்க்கழியை ஒட்டியே வருவதால் தூர் மெல்ல மெல்லத்தான் அகலும்.

ஆனால் வேர் அப்படி அடங்கி இருப்பதில்லை. முற்றிய மூங்கில் புதருக்கு இரண்டடி தள்ளி நான் ஒருமுறை சேம்பு போட்டேன், நிழல் தாங்கும் பயிர்தானே என்ற நம்பிக்கையில். நிழலைத் தாங்கியது, மூங்கில் வேரின் பசியைத் தாங்கவில்லை. தோண்டியபோது கிடைத்தது கோலிக்குண்டுகள். எனவே மூங்கில் வரிசைகளுக்கு நடுவே ஊடுபயிராகச் சேம்பு போடுவதென்றால், ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் மட்டும், முதல் இரண்டு ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: சேம்பு வயலின் கிழக்குப் பக்கம் மூங்கில் வரிசை வேண்டாம். காலை வெயில் தாமதமாக விழுந்தால் இலையில் ஈரம் உலர நேரமாகும். மழைக்காலத்தில் இலைக்கருகல் நோய்க்கு அந்த ஈரம்தான் வேண்டும். நீர் ஊறியது போன்ற புள்ளி, அதன் மேல் ஆரஞ்சு நிறத்தில் துளித்துளியாகக் கசிவு என்று கண்டால் அந்த இலையை அன்றே வெட்டி வயலுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதையுங்கள்.

பள்ளத்தில் இருக்கும் 20 மூங்கில்களில் மொட்டு வெள்ளையாக இருப்பவற்றை மழை தொடங்கியதும் வேர்மண்ணோடு பெயர்த்து மேட்டுக்கு மாற்றுங்கள். கழியை மூன்றடியில் வெட்டிவிட்டு நட்டால் வாட்டம் குறையும். வெட்டு கணுவுக்குச் சற்று மேலே இருக்கட்டும். கணுவிடையின் நடுவில் வெட்டினால் குழல் கிண்ணமாகி மழைநீர் தேங்கும். அழுகியவற்றை எடுத்துவிட்டு அந்தக் குழிகளை மூடிச் சமன்செய்துவிடுங்கள். அடுத்த நடவில் அந்த இடம் முழுவதும் சேம்புக்குத்தான்.