பழைய தொப்பிகள்: மலேசிய வாசகர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

செந்தூலிலிருந்து: அப்பாவின் ஃபெல்ட் தொப்பி (முடியை அழுத்திச் செய்தது) அலமாரியிலேயே கிடந்து வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. துவைக்கலாமா?

துவைக்கவே கூடாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியே கொண்டுபோய், மென்மையான பிரஷால் முடியின் போக்கிலேயே தட்டிவிடுங்கள். உள்ளே இருக்கும் தோல் பட்டையை வெளியே மடித்துவிட்டு, நிழலில், ஃபேன் காற்றில் ஆற விடுங்கள். வெயில் வேண்டாம். நம் வீடுகளில் எது பூத்தாலும் நேராக வெயிலில் போடுவோம், தொப்பிக்கு அதுதான் எமன். சாயம் வெளுக்கும், தோல் பட்டை காய்ந்து சுருங்கும், சுருங்கும்போது தொப்பியையும் சேர்த்து இழுக்கும். காய்ந்தபின் கேமராக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினட்டில், 50 சதவீத ஈரப்பதத்தில், தலைகீழாக வையுங்கள். பிளாஸ்டிக் பை கூடாது. இன்னொன்று, பழைய முயல்முடி ஃபெல்ட்டில், முடியைப் பதப்படுத்தப் போட்ட பாதரசம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே 1941-இல்தான் தொப்பித் தொழிலில் அதை நிறுத்தினார்கள். தொட்டால் கையைக் கழுவுங்கள், மூடிய அறையில் ஆவி காட்டாதீர்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து: காலை வெயில் பரவாயில்லையா அண்ணே?

இல்லை.

கிள்ளானிலிருந்து: போர்சலினோ என்ற இத்தாலியத் தொப்பி ஒன்று கிடைத்தது, என்ன விலை போகும்?

விலை சொல்வதில்லை தம்பி.

பாலிக் பூலாவிலிருந்து: தாத்தா தோட்டத்தில் வேலை செய்தபோது வெள்ளைக்காரத் துரை கொடுத்த சோலா தொப்பி, கவிழ்த்த கிண்ணம் மாதிரி கெட்டியாக இருக்குமே, அது. எப்படிச் சுத்தம் செய்வது?

முதலில் எடை பாருங்கள். ஆச்சரியப்படும்படி லேசாக இருந்தால் உள்ளே நெட்டி, அதாவது ஒரு நீர்ச்செடியின் பஞ்சு போன்ற தண்டு; தஞ்சாவூரில் கோயில் பொம்மை செய்கிறார்களே, அதே நெட்டி. கனமாக இருந்தால் கார்க் தக்கையாக இருக்கலாம். நெட்டி தண்ணீரைக் குடித்து உருக்குலைந்துவிடும், அதனால் ஈரத்துணிகூட வேண்டாம், ஆவியும் வேண்டாம். காய்ந்த பிரஷ் போதும்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து: துரை தொப்பியை வீட்டில் வைத்துப் பூஜை செய்யச் சொல்கிறீர்களா? தாத்தாவை அதட்டியவன் தலையில் இருந்தது!

பூஜை செய்யச் சொல்லவில்லை, பிரஷ் போடச் சொன்னேன்.

பாலிக் பூலாவிலிருந்து மறுபடி: வெயிலுக்குப் போட்ட தொப்பிதானே ஐயா, அதில் என்ன அதிகாரம்?

இங்கே நான் பிரிக்ஃபீல்ட்ஸ்காரர் பக்கம். வெப்பமண்டல வெயில் ஐரோப்பியன் மூளையைக் கெடுத்துவிடும் என்று அன்று மருத்துவர்களே நம்பினார்கள். அதே வெயிலில் துண்டு கட்டிக்கொண்டு புல் வெட்டியவர்களின் மூளையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் சாதாரண ஃபெல்ட் தொப்பியோடு சண்டை போட்டார்கள், மூளை ஒன்றும் உருகவில்லை. ஆனால் தூக்கிப் போடாதீர்கள், கொடுத்தது யார், எந்தத் தோட்டம் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு மட்டும் போகாதீர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து: அப்படியென்றால் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிடலாமே?

அது அவர் குடும்பம் முடிவு செய்ய வேண்டியது.

ஜார்ஜ் டவுனிலிருந்து: வெல்வெட் சொங்கோக், மலாய்க்காரர்கள் போடும் குல்லா, நைந்துவிட்டது.

என் துறை இல்லை. சொங்கோக் தைப்பவரிடம் காட்டுங்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து: லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் தொப்பி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

உச்சியைக் கிள்ளித் தூக்காதீர்கள், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், கிள்ளுகிற இடத்தில்தான் வெடிக்கும். விளிம்பைப் பிடித்துத் திருப்பி, தோல் பட்டையை மடித்துப் பாருங்கள், அங்கே அளவு போட்டிருக்கும். 7¼ என்றால் சுமார் 58 சென்டிமீட்டர். பட்டை பிஸ்கட் மாதிரி உடைந்தால் விட்டுவிடுங்கள். வெளிச்சத்தில் பிடித்து, பூச்சி அரித்த ஓட்டை தெரிகிறதா பாருங்கள்.

செராஸிலிருந்து: நனைந்த தொப்பியைக் கொஞ்ச நேரம் வெயிலில்...

நிழலில். நிழலில்!