போகிமான் தலைமுறைகள்: எது நிலைத்தது, எது கழன்றது? – கேள்வி பதில்

கேள்வி: 'ஃபயர்ரெட்' முதல் ஆட்டத்தோட மறுபதிப்புதானே? அதை ஏன் மூணாம் தலைமுறைன்னு சொல்றாங்க?

போகிமான் என்பது விநோத உயிரினங்களைப் பிடித்து, வளர்த்து, மோதவிடும் வீடியோ ஆட்டத் தொடர்; அதன் ஒவ்வொரு கட்டமும் ஒரு தலைமுறை. கதை எந்த ஊரில் நடக்கிறது என்பதை வைத்துத் தலைமுறை கணக்கிடுவதில்லை. உள்ளே ஓடும் விதிகள் எவை, போகிமான் வரிசை எண் எதுவரை போகிறது, இவைதான் கணக்கு. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் கேம் பாய்க்கு வந்த 'ரெட்', 'கிரீன்' இரண்டிலும் 151 போகிமான்கள். 1999-இன் 'கோல்டு', 'சில்வர்' அதை 251 ஆக்கின. 2002 'ரூபி', 'சஃபையர்' 386. 2006 'டயமண்ட்', 'பேர்ல்' 493. 2010 'பிளாக்', 'ஒயிட்' 649. 2013 'எக்ஸ்', 'ஒய்' 721. 2016-இல் தொடங்கிய ஏழாம் தலைமுறை 809-இல் முடிந்தது, 2019-இன் எட்டாவது 905-இல். 2022-இன் 'ஸ்கார்லெட்', 'வயலெட்' கூடுதல் பகுதிகளையும் சேர்த்து 1025.

ஃபயர்ரெட் 2004-இல் வந்தது. கதை நடக்கும் ஊர் ரெட்டில் வந்த அதே பழைய கான்டோதான். ஆனால் அபிலிட்டி (போகிமானின் தனித்திறன்), நேச்சர் (ஒரு எண்ணைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும் குணம்) எல்லாம் ரூபியின் விதிப்படி. அதனால் ஃபயர்ரெட்டில் பிடித்ததை அதே மூன்றாம் தலைமுறையின் 'எமரால்டு'க்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய ரெட் கேட்ரிட்ஜிலிருந்து எமரால்டுக்கு வழியே கிடையாது.

கேள்வி: அண்ணா, மொத்தத் தொடரிலேயே பெரிய திருப்பம் எதுன்னு கேட்டா எதைச் சொல்வீங்க? மெகா எவல்யூஷனா?

இல்லை. மெகா என்பது சண்டைக்குள் மட்டும் வரும் வலுவான உருமாற்றம்தான். பெரிய திருப்பம், நான்காம் தலைமுறையில் நடந்த பிசிக்கல்–ஸ்பெஷல் பிரிப்பு. டிரெய்லரில் காட்ட அதில் ஒன்றும் இல்லாததால் பலர் கண்டுகொள்வதில்லை.

பிசிக்கல் தாக்குதலின் சேதம் போகிமானின் அட்டாக் எண்ணையும், ஸ்பெஷல் தாக்குதலின் சேதம் ஸ்பெஷல் அட்டாக் எண்ணையும் பொறுத்தது. மூன்றாம் தலைமுறை வரை ஒரு தாக்குதல் பிசிக்கலா ஸ்பெஷலா என்பதை அதன் டைப், அதாவது வகை, மட்டுமே தீர்மானித்தது. தீ, நீர், புல், மின்சாரம், பனி, சைக்கிக், டிராகன், டார்க் எல்லாம் ஸ்பெஷல். நார்மல், ஃபைட்டிங், கோஸ்ட், பாய்சன் உள்ளிட்ட மற்றவை பிசிக்கல். விளைவு என்ன? ஸ்னீசல் என்ற போகிமானின் அடிப்படை அட்டாக் 95, ஸ்பெஷல் அட்டாக் வெறும் 35. அதன் டைப் டார்க், பனி, இரண்டுமே ஸ்பெஷல். நகத்தால் கீறினாலும் கணக்கு அந்த 35-இல்தான் விழும். கெங்கார் நேர் எதிர்: ஸ்பெஷல் அட்டாக் 130, ஆனால் அதன் கோஸ்ட், பாய்சன் தாக்குதல்கள் 65 அட்டாக்கில் கணக்கிடப்பட்டன.

நீர் டைப் கயராடோஸை எடுத்துப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். லெவல் 50, ஐ.வி. (பிறவியிலேயே வரும் எண்) உச்சமான 31, எஃபர்ட் புள்ளி (பயிற்சியால் சேர்வது) எதுவும் இல்லை, நேச்சர் நடுநிலை. அட்டாக் 145, ஸ்பெஷல் அட்டாக் 80. வாட்டர்ஃபால் என்ற நீர்த் தாக்குதலின் பலம் 80. எதிரியின் தற்காப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். லெவல் 50-க்கான எண் 22. மூன்றாம் தலைமுறையில் நீர் ஸ்பெஷல் என்பதால் ஸ்பெஷல் அட்டாக்கைப் போட வேண்டும்: 22 × 80 × 80 ÷ 100 = 1408; அதை 50-ஆல் வகுத்து 2 கூட்டினால் 30; சொந்த டைப் என்பதற்காக 1.5 மடங்கு, 45. நான்காம் தலைமுறையில் வாட்டர்ஃபால் பிசிக்கல் ஆனது. அதே கணக்கில் 145-ஐப் போட்டால் 53, ஒன்றரை மடங்கில் 79. அதே போகிமான், அதே தாக்குதல், ஒரு விதிதான் மாறியது. (கடைசியில் 85 முதல் 100 சதவீதம் வரை ஒரு குலுக்கல் எண்ணால் பெருக்குவார்கள்; அது இரண்டுக்கும் பொது.)

பழைய ஆட்டத்துக்கு அணி சேர்க்கும்போது புதிய பட்டியலைப் பார்த்துத் தாக்குதல் தேர்ந்தெடுப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

கேள்வி: முதல் தலைமுறையில சைக்கிக் டைப்பை யாராலும் அசைக்க முடியலைன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான், காரணங்கள் அடுக்கடுக்காக இருந்தன. ஸ்பெஷல் என்பது அப்போது ஒரே எண். தாக்கவும் அதுவே, தாங்கவும் அதுவே. சைக்கிக் டைப் அலகசாமின் ஸ்பெஷல் 135, வேகம் 120. அந்தத் தலைமுறையில் கிரிட்டிகல் (கூடுதல் சேதம் தரும் அடி) வாய்ப்பும் வேகத்தைப் பொறுத்தது (அடிப்படை வேகம் ÷ 512), ஆக அதற்கு 23 சதவீதத்துக்கு மேல். எதிர்க்க வேண்டிய பூச்சி டைப்பில் உருப்படியான தாக்குதல் இல்லை. நல்லது என்று சொல்லத்தக்க ட்வின்நீடில் பீட்ரிலிடம் மட்டும், அதுவோ பாதி பாய்சன், சைக்கிக் அடியில் சுருண்டுவிடும். கோஸ்ட் சைக்கிக்கைத் தாக்கும் என்று ஆட்டத்துக்குள்ளேயே சொல்வார்கள். நிரலில் பிழை, பாதிப்பு பூஜ்யம். இருந்த கோஸ்ட் குடும்பம் ஒன்றே ஒன்று, அதுவும் பாய்சன் கலந்தது.

இரண்டாம் தலைமுறை டார்க், ஸ்டீல் என இரண்டு டைப்களைக் கொண்டுவந்து, கோஸ்ட் பிழையைத் திருத்தி, ஸ்பெஷலை இரண்டாக உடைத்தது. சான்சிக்கு முன்பு ஸ்பெஷல் 105. உடைத்த பிறகு தாங்கும் எண் 105, தாக்கும் எண் 35. இப்போது நாம் அறிந்த சான்சி அப்போதுதான் பிறந்தது.

கேள்வி: ஈவியை ராத்திரியில வளர்த்து அம்ப்ரியான் ஆக்கப் பார்த்தேன். மூணு தடவையும் சில்வியான் ஆகுது. நேரம் தப்பா?

ஈவி பல வடிவங்களில் ஒன்றாக மாறக்கூடியது; அம்ப்ரியானுக்கு உங்களோடு நெருக்கமும் இரவும் வேண்டும். நேரத்தில் தப்பில்லை, தாக்குதல் பட்டியலைப் பாருங்கள். ஃபேரி டைப் தாக்குதல் ஒன்று இருந்தால், நெருக்கம் போதுமான அளவு இருக்கும்போது சில்வியான்தான் முந்திக்கொள்ளும். பெரும்பாலும் பேபி-டால் ஐஸ் அல்லது சார்ம் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் மறக்கவைத்துவிட்டு, இரவில் ஒரு லெவல் ஏற்றுங்கள். எக்ஸ், ஒய் காலத்தில் சில்வியானுக்கு 'அஃபெக்‌ஷன்' இதயங்கள் தனிக்கணக்கு. எட்டாம் தலைமுறையிலிருந்து சாதாரண நெருக்கத்தோடு சேர்த்துவிட்டார்கள், அதனால்தான் இந்தக் குழப்பம் கூடியது. அந்த நெருக்க அளவும் 220-இலிருந்து 160-க்கு இறங்கியிருக்கிறது.

பரிணாம முறைகளே தலைமுறைக்குத் தலைமுறை விநோதமாகிக்கொண்டு போகின்றன. முதலில் லெவல், கல், டிரேடு (இன்னொருவரோடு மாற்றிக்கொள்வது), அவ்வளவுதான். ஆறாவதில் இன்கேயை லெவல் 30-க்குப் பிறகு லெவல் ஏற்றும்போது கருவியையே தலைகீழாகப் பிடிக்க வேண்டும். ஒன்பதாவதில் கிமிகூலுக்கு 999 காசு சேர்க்க வேண்டும்; பாமோவை லெட்ஸ் கோ முறையில் வெளியே விட்டு 1,000 அடி நடத்த வேண்டும், பிறகு ஒரு லெவல். பந்துக்குள் திரும்பிப் போகாமல் நடத்துங்கள். நீங்கள் குதிரை வேகத்தில் ஓடினால் அது பின்தங்கிப் பந்துக்குள் போய்விடும்.

கேள்வி: எஃபர்ட் புள்ளி 510-ஐ எப்படிப் பிரிக்கணும்? 255, 255 போட்டா முடிஞ்சுதா?

போடாதீர்கள். லெவல் 100-இல் 4 புள்ளிக்கு அட்டாக், வேகம் போன்றதில் ஒரு எண்தான் கூடும், மொத்தப் புள்ளிக்கு 510 வரம்பு. 252-க்கு 63 எண், 255-க்கும் அதே 63. மிச்ச மூன்றும் வீண். ஐந்தாம் தலைமுறை வரை ஆட்டமே 255 வரை விட்டுவைத்தது. ஆறாவதிலிருந்து 252-இல் தானே நின்றுவிடும். ஆக 252, 252, கடைசி 6 மூன்றாவதற்கு.

ஸ்கார்லெட், வயலெட்டில் சோம்பேறி வழி வைட்டமின். ஒன்றுக்கு 10 புள்ளி, ஒரு எண்ணை 252-க்குக் கொண்டுபோக 26 வேண்டும் (26-ஆவது 2 புள்ளிதான் தரும்). இரண்டு எண்ணுக்கு 52, மிச்ச 6-க்கு இன்னொன்று, மொத்தம் 53. ஒன்று 10,000 என்பதால் ஆட்டப் பணம் 5,30,000 செலவு. ஏழாம் தலைமுறை வரை வைட்டமின் ஒரு எண்ணில் 100 புள்ளிவரைதான் ஏற்றும், பாக்கியைச் சண்டை போட்டே சேர்க்க வேண்டும்; பழைய ஆட்டத்தில் 11-ஆவது வைட்டமின் இறங்கவில்லை என்றால் ஆட்டம் கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள்.

முக்கியமான எச்சரிக்கை: கதை முழுக்கக் கூட இருந்த போகிமானிடம் ஏற்கெனவே கண்டபடி புள்ளி சேர்ந்திருக்கும். அதன் மேல் வைட்டமின் கொடுத்தால் 510 பாதியிலேயே நிறைந்துவிடும். முதலில் பெர்ரி கொடுத்துக் கழியுங்கள், ஒன்றுக்கு 10 குறையும்: பொமெக் எச்.பி. (உயிர்ப்புள்ளி), கெல்ப்ஸி அட்டாக், குவாலட் டிஃபென்ஸ், ஹான்டியூ ஸ்பெஷல் அட்டாக், கிரெபா ஸ்பெஷல் டிஃபென்ஸ், டமாட்டோ வேகம்.

சரியாகச் செய்தோமா என்று பார்க்க: ஜாலி நேச்சர், வேகத்தில் ஐ.வி. 31, 252 புள்ளி உள்ள கார்சாம்பின் வேகம் லெவல் 50-இல் 169, லெவல் 100-இல் 333. அதைவிடக் குறைந்தால் மூன்றில் ஏதோ ஒன்று பிசகு.

கேள்வி: எமரால்டு கேட்ரிட்ஜில் என்னோட செப்டைல் இருக்கு. ஸ்விட்சுக்குக் கொண்டுவர முடியுமா?

முடியும். நாலு தாண்டல், ஒவ்வொன்றும் ஒருவழிப் பாதை.

முதலில் நிண்டெண்டோவின் பழைய கைக்கருவியான டி.எஸ். அல்லது டி.எஸ். லைட் வேண்டும். டி.எஸ்.ஐ.-யிலும் 3டி.எஸ்.-இலும் கேம் பாய் அட்வான்ஸ் துளை இல்லை. கீழே எமரால்டு, மேலே நான்காம் தலைமுறை ஆட்டம், இரண்டும் ஒரே மொழிப் பதிப்பு. நேஷனல் டெக்ஸ் (எல்லா ஊர்ப் போகிமான்களின் பட்டியல்) கிடைத்த பிறகு முதன்மை மெனுவிலிருந்து ஆறு போகிமான்களைத் தேர்ந்தெடுத்து, ஆட்டத்துக்குள் உள்ள பால் பார்க்கில் திரும்பப் பிடிக்க வேண்டும். எச்.எம். (மரம் வெட்ட, நீந்த என வழி திறக்க உதவும், எளிதில் மறக்காத) தாக்குதல் தெரிந்தது எதுவும் வராது. செப்டைலுக்குக் கட் கற்றுக்கொடுத்திருந்தால் முதலில் எமரால்டிலேயே மூவ் டிலீட்டரிடம் போய் மறக்கவையுங்கள். போலி கேட்ரிட்ஜ் என்றால் பெரும்பாலும் இந்த இடத்திலேயே காலை வாரிவிடும்.

இரண்டாவது, நான்கிலிருந்து ஐந்துக்கு. இரண்டு டி.எஸ். கருவிகள் தேவை, ஐந்தாம் தலைமுறை ஊரான யுனோவாவின் ரூட் 15-இல் உள்ள டிரான்ஸ்ஃபர் லேபில் ஆறு ஆறாக. இங்கேயும் எச்.எம். கூடாது.

மூன்றாவதில்தான் பலருக்கும் கதை முடிகிறது. 3டி.எஸ்.-இல் போகே டிரான்ஸ்போர்ட்டர் (நகர்த்தும் செயலி), பேங்க் (இணையச் சேமிப்புச் செயலி) இரண்டும் வேண்டும். 2023 மார்ச்சில் 3டி.எஸ். ஈ-ஷாப் மூடியதிலிருந்து, முன்பே தரவிறக்கியவர்கள் மட்டுமே அவற்றைப் பெற முடியும். யாரிடமாவது அப்படி ஒரு கருவி இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொண்டு பிறகு மற்ற வேலையில் இறங்குங்கள். பாதி வழி வந்து ஐந்தாம் தலைமுறையில் சிக்கினால் எமரால்டுக்குத் திரும்ப முடியாது. டிரான்ஸ்போர்ட்டர் முதல் பாக்ஸில் உள்ளவற்றை மட்டுமே எடுக்கும்.

நான்காவது, பேங்கிலிருந்து ஹோம் (ஸ்விட்ச் ஆட்டங்களோடு இணையும் சேமிப்புச் சேவை). பேங்க் இப்போது இலவசம். ஆனால் இந்த ஒரு நகர்த்தலுக்கு ஹோமில் கட்டணச் சந்தா கட்டாயம். இலவசக் கணக்கில் 30 போகிமானுக்குத்தான் இடம், சந்தாவில் 6,000. சந்தா போடுவதென்றால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நகர்த்திவிடுங்கள்.

கேள்வி: ஹோம் வரை வந்தாலும் எல்லா ஆட்டத்துக்குள்ளும் போகாதாமே?

ஆமாம், அந்த ஆட்டத்தில் அந்த இனம் இருந்தால்தான். 2019 ஜூனில் எட்டாம் தலைமுறை ஆட்டங்களான சோர்டு, ஷீல்டுக்கு இதை அறிவித்தபோது பெரிய கொந்தளிப்பு. என் கருத்து: ஆயிரம் உருவங்களுக்கும் அசைவு, சமநிலை எல்லாம் பார்ப்பது எளிதல்ல என்பது நியாயம்தான், ஆனால் அதே ஆட்டத்தின் மற்ற ஓட்டைகளைப் பார்க்கும்போது அந்த நியாயம் பாதி வலுவிழக்கிறது. செப்டைல் விஷயத்தில் கவலை வேண்டாம், ஸ்கார்லெட், வயலெட்டுக்குள் விடும்.

கேள்வி: மெகா, இசட்-மூவ், டைனமேக்ஸ், டெரா... ஒண்ணைப் பழகறதுக்குள்ள தூக்கிடறாங்க. ஏன்?

இவை சண்டையில் வரும் சிறப்புச் சக்திகள்: மெகா வலுவான உருமாற்றம், இசட்-மூவ் ஒரு பலத்த அடி, டைனமேக்ஸ் பேருருவம், டெரா டைப் மாற்றம். புதிய ஆட்டத்துக்கு ஒரு முகம் வேண்டும், அதுதான் காரணம். அடித்தளத்தில் போனவை (கையில் பொருள் வைத்திருப்பது, அபிலிட்டி, நேச்சர், பிசிக்கல்–ஸ்பெஷல் பிரிப்பு) முதன்மை வரிசையில் நிலைத்துவிட்டன. மேலே ஒட்டியவைதான் கழன்று போகின்றன. மெகா கல்லும் இசட் படிகமும் போகிமானின் கையைப் பிடித்துக்கொள்ளும், லெஃப்ட்ஓவர்ஸ் போன்ற வேறு பொருள் வைக்க முடியாது. அது நல்ல விலை. மெகா ரேகுவாசாவுக்கு அந்த விலையே இல்லை, டிராகன் அசென்ட் தாக்குதல் தெரிந்தால் போதும். எங்கே கோளாறு என்று அதிலிருந்தே தெரியும். டெராவுக்கும் பொருள் தேவையில்லை, ஆனால் டைப்பே மாறுவதால் யூகிக்கும் விளையாட்டு வந்துவிடுகிறது. நான்கில் எனக்கு அதுதான் சிறந்தது. மெகாவும் 2025 அக்டோபரில் 'லெஜண்ட்ஸ்: இசட்-ஏ' வழியாகத் திரும்பியிருக்கிறது.

கேள்வி: ஷைனி வாய்ப்பு எல்லாத்துலயும் ஒண்ணுதானா?

ஷைனி என்பது அபூர்வமாக வேறு நிறத்தில் வரும் போகிமான். இரண்டாம் தலைமுறையிலிருந்து ஐந்து வரை 8192-இல் ஒன்று, ஆறிலிருந்து 4096-இல் ஒன்று. வெவ்வேறு மொழிப் பதிப்பின் பெற்றோரை வைத்து முட்டை எடுத்தால் இப்போது ஏறத்தாழ 683-இல் ஒன்று, வாய்ப்பைக் கூட்டும் ஷைனி சார்ம் பொருளும் இருந்தால் 512-இல் ஒன்று.

கேள்வி: 'கோல்டு' கேட்ரிட்ஜில் சேவ் நிற்க மாட்டேங்குது, 'ரூபி'யில் பேட்டரி தீர்ந்துடுச்சுன்னு வருது. ரெண்டும் ஒரே பிரச்சினையா?

இல்லை. கோல்டில் சேவும் கடிகாரமும் ஒரே சி.ஆர்.2025 பேட்டரியை நம்பியிருக்கின்றன. அது போனால் சேவும் போகும், கழற்றினாலும் போகும். இன்னும் சேவ் நிற்கும் கேட்ரிட்ஜ் என்றால், கேட்ரிட்ஜ் ரீடரில் சேவைக் கணினிக்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். ரூபியில் சேவ் ஃபிளாஷ் நினைவகத்தில் உள்ளது, பேட்டரி (சி.ஆர்.1616) கடிகாரத்துக்கு மட்டும். தீர்ந்தால் பெர்ரி வளராது, நேரம் சார்ந்த நிகழ்வுகள் நின்றுவிடும், உங்கள் அணி பத்திரம்.

திறக்க கேம் பாய் கேட்ரிட்ஜுக்கு 3.8 மி.மீ. கேம்பிட், அட்வான்ஸுக்கு டிரை-விங் திருகுளி. தகடு ஏற்கெனவே பற்றவைத்த பேட்டரியாக வாங்குங்கள். வெறும் பேட்டரி மேல் சால்டரிங் அயர்ன் வைத்தால் சூட்டில் வெடிக்கலாம். பலகையில் கூட்டல், கழித்தல் குறி எந்தப் பக்கம் என்று கழற்றும் முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேப் ஒட்டிப் பேட்டரியை அழுத்தி வைப்பது சில நாள் ஓடும், ஒரு தட்டு தட்டினால் தொடர்பு விடும், கோல்டில் அத்தோடு சேவ் காலி.