எபாக்சி பூசிய சமையல் மேடையில் மாவு பிசையலாமா, மீன் வெட்டலாமா?

பழைய சிமெண்ட் மேடைமேல் எபாக்சி ரெசின் (இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கெட்டியாக இறுகும் பிளாஸ்டிக் பூச்சு) ஊற்றியிருக்கிறோம், அதில் சாப்பாட்டுப் பொருள் படலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான அளவில் கலந்து முழுசாக இறுகியிருந்தால் தட்டு, காய்கறி வைக்கப் பயம் வேண்டாம். டின் உணவு டப்பாக்களின் உட்புறத்தில் வெகுகாலமாகப் பூசி வந்ததும் எபாக்சி வகைப் பூச்சுதான். எங்கள் வீட்டில் அது இறுகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில். ஐப்பசி மழையில், மீன்பிடி வல்லத்துக்கு பைபர் வேலை செய்கிற தெரிந்த அண்ணன் ஒருவர் வந்து ஊற்றிக் கொடுத்தார். பத்து நாள் கழித்து அம்மா சப்பாத்தி மாவை மேடையில் வைத்து எடுத்தபோது அடியில் பிசுபிசுவென்று ஒட்டியது. நகத்தால் அழுத்தினேன், பிறை மாதிரி பள்ளம் விழுந்தது. மாவைக் கொட்டிவிட்டோம்.

வல்லத்துக்குப் பெரும்பாலும் அடிப்பது பாலியெஸ்டர் என்ற வேறு வகை ரெசின். அதில் 100 பங்குக்கு ஒன்றிரண்டு பங்கு கேட்டலிஸ்ட் (இறுகுவதைத் தூண்டும் திரவம்) விடுவார்கள். கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் இறுகும். எபாக்சி அப்படி இல்லை. அதில் ஹார்டனரே (ரெசினோடு கலக்கும் இரண்டாவது திரவம்) ரெசினோடு பிணைந்து பூச்சின் ஒரு பாகமாகிவிடும். டப்பாவில் 2க்கு 1 என்று போட்டிருந்தால் 2க்கு 1தான். கூட்டினால் ஹார்டனர் மிஞ்சும், குறைத்தால் ரெசின் மிஞ்சும். அப்படி மிஞ்சியதுதான் உணவில் இறங்கும், தோலில் பட்டால் ஒவ்வாமையும் தரும். அண்ணன் மழைக்கு சீக்கிரம் இறுகட்டும் என்று பழக்கத்தில் ஹார்டனரைக் கூட்டிவிட்டார். அவர்மேல் கோபமில்லை, அவர் தொழிலில் அது சரியான வழிதான்.

ஈரக்காற்றில் இன்னொன்றும் நடக்கும்: சரியாகக் கலந்தாலும் மேலே வெண்மையாக, மெழுகு தடவியதுபோல ஒரு படலம் கட்டும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் தேய்த்தால் அது போய்விடும். நகம் பதிந்தால் மட்டும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். சுரண்டும்போது கையுறை போடுங்கள்.

நாங்கள் பங்குனி வெயிலில் மறுபடி ஊற்றினோம். கப்பில் அளந்து, பாத்திரத்தின் ஓரமெல்லாம் வழித்துக் கலக்கி, இரண்டு வாரம் எதையும் வைக்காமல் விட்டோம். ‘ஃபுட் கிரேடு’, அதாவது உணவு படலாம் என்று போட்டிருந்தாலும், அது கம்பெனி சொன்ன அளவில் கலந்து, சொன்ன நாள்வரை இறுகவிட்டால்தான் செல்லும். வேறு கலர்ப் பொடி சேர்த்தால் அந்த உறுதி போச்சு.

சூடும் ஆகாது. சாதாரண மேடை ரெசின்கள் பல 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். கொதிக்கிற மீன்குழம்புச் சட்டியை இறக்கினால் வட்டமாகத் தடம் விழும். எபாக்சி பெரும்பாலும் பிஸ்பீனால் ஏ என்ற பொருளிலிருந்து வருவது. ஒரு நாளைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 4 மைக்ரோகிராம் என்றிருந்த அதன் பாதுகாப்பு வரம்பை, 2023இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 0.2 நானோகிராமாகக் குறைத்தது. 20,000 மடங்கு! சூடும் எண்ணெயும் பட்டால் அது உணவில் இறங்கக்கூடும் என்பதால் சூடான சோறு, எண்ணெய்ப் பலகாரம் எதையும் நேரடியாகப் பரப்பாதீர்கள். மாவைத் தாம்பாளத்தில் பிசையுங்கள்.

மீனை அதன்மேல் வெட்டவே வேண்டாம். கத்திக் கீறலில் ரத்தமும் செதிலும் தங்கி, கழுவினாலும் கவிச்சி போகாது, கிருமியும் சேரும். அம்மா இப்போது பாரை, நகரை எதுவானாலும் கொல்லையில் புளியங்கட்டை போட்டுத்தான் வெட்டுகிறார்.