ரெசின் கலைப்பொருள் செய்ய மட்டும்தானா? தொழிலிலும் பயன்படுகிறதா?

ரெசின் என்பது இறுகிக் கெட்டியாகும் செயற்கைப் பிசின்; கைவினைக்கு வந்தது பிற்பாடுதான். 1907-இல் லியோ பேக்லண்ட் ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்து பேக்கலைட் செய்தார். பழைய கறுப்பு சுவிட்சுகள் அதுதான். இன்று பிளைவுட் பசை, சர்க்யூட் போர்டு, பல் அடைப்பு என்று எங்கும் ரெசின்.

சென்னையில் கண்ணால் பார்க்கக் காசிமேட்டுக்குப் போங்கள். அங்குள்ள ஃபைபர் படகுகள் கண்ணாடி இழைப் பாயில் பாலியெஸ்டர் ரெசினைத் தடவி, அடுக்கடுக்காக இறுக வைத்தவை. கோபால்ட் வேகப்படுத்தியை முதலில் ரெசினில் கலந்துவிட்டு, அப்புறம்தான் வினையூக்கியைச் சேர்ப்பார்கள். இரண்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கக்கூடும்.

கலைக்குப் பெரும்பாலும் எபாக்சி என்ற ரெசின் வகை. இதில் இறுக வைக்கச் சேர்க்கும் ஹார்டனர் வெறும் வினையூக்கி இல்லை, ரெசினோடு சேர்ந்தே பிணைகிறது. அதனால் சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். பாட்டிலில் போட்ட விகிதத்தை மீறாதீர்கள்.

நம்ம ஊர் வெயில் வேறு. மே மாதத்தில் கோப்பையில் நிறையக் கலந்து வைத்தால் தானே சூடேறி, ஊற்றுமுன் கட்டியாகிவிடும்; கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே உத்தமம். ஐப்பசி, கார்த்திகை ஈரப்பதத்தில் மேலே வெண்மையான, எண்ணெய்ப் பசை போன்ற படலம் வரும். இறுகிய பின் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போய்விடும்.

ஓவியர்களின் அக்ரிலிக் வண்ணமும் தண்ணீரில் கலந்த செயற்கை ரெசின்தான். கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் எபாக்சியைத் தொடாதீர்கள். ஒருமுறை தோல் ஒவ்வாமை வந்தால் லேசில் விடாது.