அந்த ஐம்பது ரூபாய் எங்கிருந்து வந்தது?

கேள்வி: நிலாவெளிப் பக்கம், பாடசாலையை விட்டு இடைவிலகிய பிள்ளைகளுக்கான ஒரு முறைசாராக் கல்வி நிலையத்தில் படிப்பிக்கிறேன். இடாப்பில் 21 பேர். 13 முதல் 16 வயது வரை. வகுப்பு காலை 8.30க்கு. முதல் பாடம் கணக்கு. ஒன்பது மணிக்கும் ஆறேழு பேர்தான் இருப்பார்கள். மற்றவர்கள் நினைத்த நேரத்துக்கு வருவார்கள். சிலர் கிழமையில் மூன்று நாள்தான். பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைத்தும் பலனில்லை. மாசி மாதம் முதல் 8.45க்குக் கேட்டைப் பூட்டுகிறேன். பிந்தி வந்தால் 50 ரூபாய் தண்டம். சிலர் கட்டாமல் திரும்பிப் போய்விடுகிறார்கள். 14 வயதுப் பையன் ஒருவன் மட்டும் தினமும் பத்து மணிக்கு வந்து, ஈரமான ஐம்பது ரூபாய் நோட்டை மறுபேச்சில்லாமல் நீட்டிவிட்டு உள்ளே போகிறான். திருந்துவதாக இல்லை. தகப்பன் இல்லாத பிள்ளை, தாய்மாமன் வீட்டில் இருக்கிறான். இவர்களுக்கு நேர ஒழுங்கை எப்படிப் பழக்குவது?
— ஒரு ரீச்சர், நிலாவெளி

பதில்:

தங்கச்சி, ஒரு நாளைக்கு 50 ரூபாய் என்றால் கிழமைக்கு 250, மாதத்துக்கு ஆயிரம். தகப்பன் இல்லாத 14 வயதுப் பையனிடம் மாதம் ஆயிரம் ரூபாய் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளாவது அவனைக் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. நோட்டு ஈரமாக இருந்ததைக் கவனித்திருக்கிறீர்கள். அது ஏன் ஈரமாக இருக்கிறது என்று யோசிக்கவில்லை.

எனக்கு அந்தப் பையனைத் தெரியாது. ஆனால் உங்கள் கரையைத் தெரியும். விடியப்புறம் வள்ளம் கடலுக்குள் போய்க் கரைவலையை வளைத்து விட்டுவர, இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று இழுப்பார்கள். மீன் சேரும் வலையின் மடி கரையேற மணிக்கணக்காகும். பிறகு மீனைத் தெரிந்து, கூறு போட்டு, வியாபாரியோடு விலை பேசிப் பங்கு பிரிக்க வேண்டும். கயிறு பிடித்த சின்னப் பையன்களுக்குக் கையில் கொஞ்சக் காசும் கறிக்கு மீனும் கிடைக்கும். மீனை வீட்டில் கொடுத்து, மேலில் உள்ள உப்பைக் கழுவி, சேட்டை மாற்றிக்கொண்டு சைக்கிளை மிதித்து வந்தால் பத்து மணி ஆகாமல் என்ன ஆகும்?

நான் நினைப்பது சரியென்றால், அந்தக் காசில் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி தன் பங்கை எடுத்த பிறகு நீங்களும் ஒரு பங்கு எடுக்கிறீர்கள். இதைக் கேட்க உங்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும். 21 பேரில் தினமும் வருகிறான் என்று நீங்களே எழுதியிருப்பது அவன் ஒருவனைப் பற்றித்தான். விடிய எழும்பி வேலை செய்துவிட்டு, உங்கள் வகுப்பில் உட்காருவதற்குக் காசும் கட்டுகிற பிள்ளையைத் ‘திருந்துவதாக இல்லை’ என்கிறீர்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. நம் இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 2016இல் 16 ஆக உயர்ந்தது. பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 14இல் இருந்து 2021இல் 16 ஆனது. பிள்ளையைப் படிக்க அனுப்பும் பொறுப்பைச் சட்டம் தாய் தகப்பன் மேலும் பாதுகாவலர் மேலும்தான் வைத்திருக்கிறது. நீங்கள் மட்டும் பிள்ளையிடம் தண்டம் வாங்குகிறீர்கள். அதை இன்றோடு நிறுத்துங்கள். இதுவரை வாங்கிய காசை எண்ணி, அவரவர் வீட்டில் பெரியவர்கள் கையில் திருப்பிக் கொடுங்கள். ஏன் வாங்கினீர்கள், ஏன் திருப்பிக் கொடுக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இதனால் நேரம் முக்கியமில்லை என்று நான் சொல்வதாக எடுக்க வேண்டாம். நாளைக்கு இந்தப் பிள்ளைகள் தொழிற்பயிற்சிக்குப் போனாலும், ஹோட்டலிலோ கராஜிலோ வேலைக்குச் சேர்ந்தாலும் நேரத்துக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் ஒருமுறை பாடசாலையை விட்டு விலகிய பிள்ளைக்கு வெளியே போகும் வழி ஏற்கெனவே தெரியும். அவன் முகத்துக்கு முன்னால் கேட்டைப் பூட்டினால் அதே வழியால் போய்விடுவான். முதலில் தினமும் வரப் பழக்க வேண்டும். நேரத்துக்கு வருவதை அதன்பிறகு ஒவ்வொரு படியாகத்தான் கொண்டுவர முடியும்.

அதற்கு இடாப்பு உதவும், நீங்கள் அதை வடிவாக எழுதினால். உங்கள் இடாப்பில் வந்தார், வரவில்லை என்ற அடையாளம் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நாளையிலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் வந்த நேரத்தை எழுதுங்கள். பக்கத்தில் காரணத்தைப் பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். ஒரு மாதத்தில் பல விசயங்கள் தெரியவரும். நுண்கடன் கட்டும் நாளில் யார் யார் வருவதில்லை? எந்தப் பிள்ளையின் தாய் வெளிநாட்டில் இருக்கிறார், தம்பி தங்கச்சியை 7.30க்குப் பாடசாலையில் விட்டுவிட்டு உலை வைத்துவிட்டு வருவது யார்? மாசியில்தான் கேட்டைப் பூட்டத் தொடங்கினேன் என்கிறீர்கள். வாடைக் கடல் அடங்கி வலை இறங்கும் காலமும் கிட்டத்தட்ட அதுதான். மார்கழியிலும் தையிலும் அந்தப் பையன் எத்தனை மணிக்கு வந்தான்? நேரம் எழுதியிருந்தால் இந்தக் கடிதத்தையே நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள்.

வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று காலையிலேயே தொலைபேசி எடுங்கள். மாதக் கடைசியில் கூட்டம் வைத்து, ‘உங்கள் பிள்ளை ஒன்பது நாள் வரவில்லை’ என்றால் தாய் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டுப் போவார். ‘இன்றைக்கு வரவில்லையே, சுகமில்லையா?’ என்று அன்றே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். குற்றம் சாட்டும் குரலில் கேட்காதீர்கள்.

கணக்கை முதல் பாடமாக வைத்தது பெரிய தவறு. பிந்தி வருகிற அத்தனை பேருக்கும் தினமும் போவது அதே பாடம். ஏற்கெனவே கணக்கில் பின்தங்கிப் பாடசாலையை விட்டவர்கள் இங்கேயும் அதையே இழக்கிறார்கள். அதைப் பத்தரைக்கு மாற்றுங்கள். முதல் மணித்தியாலத்தில் வாசிப்பு, கைவேலை, முந்திய நாள் பாடத்தை மீட்டல் என்று இடையில் வந்து சேரக்கூடியவற்றை வையுங்கள். முடிந்தால் ஒரு தேத்தண்ணியும் பணிஸும் கொடுங்கள். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைகள் இருப்பார்கள்.

அந்தப் பையனோடு தனியாக ஒரு நேரத்தைப் பேசி முடிவெடுங்கள். இந்த மாதம் 9.45, அடுத்த மாதம் 9.15 என்று எழுதி அவனும் கையெழுத்துப் போடட்டும். ஆனால் அவன் கையெழுத்து மட்டும் போதாது. கயிற்றைப் பிடிக்கச் சொல்வது அவன் இல்லையே.

தாய்மாமனிடம் போங்கள். பின்னேரம், கடல் வேலை முடிந்து ஆறியிருக்கும் நேரமாக, ஊரில் மதிப்புள்ள ஒரு பெரியவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ‘அண்ணன்’ என்று மரியாதையாகக் கதையுங்கள். கதைப்பதைத் தெளிவாகக் கதையுங்கள். நம்மிடத்தில் தாய்மாமன்தான் மடியில் இருத்திக் காது குத்துவிக்கிறவர். தகப்பன் இல்லாத வீட்டில் தகப்பனுடைய இடம் அவருக்குத்தான். சோறு போடுகிறார், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் போடும் சோற்றுக்குப் பிள்ளையின் காலைப் பொழுதைக் கணக்கில் பிடிக்க எந்த மாமனுக்கும் உரிமை இல்லை. குடும்பக் கஷ்டத்துக்குப் பையன் உதவி செய்கிறான் என்று சொல்வார். பின்னேரம் வீட்டு வேலைக்குக் கைகொடுக்கட்டும், நல்லதுதான். காலை படிப்புக்கு. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கஷ்டம் உண்மையாக இருந்தால் அதற்கும் ஏதாவது செய்ய வேண்டும். அந்த வீட்டுக்கு அரசின் அஸ்வெசும உதவிக் கொடுப்பனவு கிடைக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பத்தை நீங்களே இருந்து நிரப்பிக் கொடுங்கள். வலயக் கல்வி அலுவலகத்தில் முறைசாராக் கல்விக்குப் பொறுப்பானவரிடம் நேரம் எழுதிய இடாப்பைக் காட்டுங்கள். அதில் கையோடு எழுத்துச் சான்று இருப்பதால் ‘பிள்ளைகள் ஒழுங்கில்லை’ என்ற பழைய பதிலைச் சொல்லி உங்களை அனுப்ப முடியாது. பையனை இரவில் கடலுக்கு அனுப்புகிறார்கள், அடிக்கிறார்கள் என்று தெரியவந்தால் மட்டும் யாரிடமும் பேச்சுவார்த்தைக்குப் போய் நிற்காமல் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929க்கு அழையுங்கள்.

இன்னுமொன்று. தண்டம் கட்டாமல் திரும்பிப் போனவர்களை ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அந்த நேரத்தில் அவர்கள் எங்கே போனார்கள்? வீட்டில் இருப்பவர்கள் பிள்ளை வகுப்பில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும்போது, உங்கள் கேட்டுக்கு வெளியே 13 வயதுப் பிள்ளை தெருவில் நின்றிருக்கிறது. அவர்களில் பெண்பிள்ளைகள் இருந்தார்களா? பெயர்களைப் பட்டியலிட்டு, இந்தக் கிழமைக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், எந்தெந்த நாள் நீங்கள் உள்ளே எடுக்கவில்லை என்பதைத் தாயிடம் நேரில் சொல்லுங்கள்.